ஆச்சு சார் எழுதிய ஸ்கிரிப்ட்

என் கணவருக்கு அலுவலகத்தில் ஆச்சு சார் என்று பெயர். என்ன கேட்டாலும் "ஆச்சு" என்பார். போய்ப் பார்த்தால் ஆகியிருக்காது.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் பிளம்பருக்கு ஒரு போன் போடுவார். போனை வைத்த கையோடு, "குழாய் ஆச்சு." குழாய் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். துணிகளை மெஷினில் போட்டு பொத்தானை அழுத்துவார். "துணி துவைச்சாச்சு." அவருடைய கணக்கில், ஒரு வேலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டால் அந்த வேலை முடிந்த வேலை. மனிதர் பொய் சொல்கிறவரே இல்லை. மனதார நம்பித்தான் சொல்கிறார். அதில்தான் எனக்கு எரிச்சல். பொய்யாக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம்.

கீழ் வீட்டில் அவருடைய அக்கா இருக்கிறார். கல்யாணமான புதிதில் நான் அவரிடம் புலம்பியபோது, அண்ணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சின்ன வயசுல குளிச்சாச்சுன்னு வந்து நிப்பான். தலை மட்டும் நனைஞ்சிருக்கும். முதுகைத் தொட்டுப் பார்க்காம அவன் பேச்சை நம்பிடாத." அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் பத்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அவரிடம் கேட்பதில்லை. குழாயிடம் கேட்பேன், துணியிடம் கேட்பேன்.

நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்ப்பது ஒரே மருத்துவமனையில். நான் முதல் மாடியில், பணியாளர் பிரிவு. அவர் அடித்தளத்தில், சர்வர் அறை. மே மாத வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிற ஒரே ஆள் அவர்தான். அந்த அறையில் டைரக்டரி சர்வர் என்று ஒன்று இருக்கிறது. மருத்துவமனையில் வேலை செய்கிற அத்தனை பேரின் பெயரும், பிரிவும், கடவுச்சொல்லும், யார் எந்தக் கதவைத் திறக்கலாம் என்பதும் அதற்குள்தான். பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை, காலையில் அட்டையைக் கதவில் காட்டினால், கதவு அந்த டைரக்டரியைத்தான் கேட்கும். அதில் பெயர் இல்லையென்றால் அறுவைச் சிகிச்சை நிபுணரும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் வேலையை விட்டுப் போனவர்களை அந்த டைரக்டரியிலிருந்து நீக்குவேன், பிரிவு மாறினவர்களை நகர்த்துவேன். நான் கை வைப்பதற்கு முன்னால் அவர் பேக்கப் எடுத்துவிட வேண்டும். நான் தவறி ஒரு வார்டையே துடைத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர அது ஒன்றுதான் வழி. முன்பெல்லாம் திரையில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, நகர்கிற கோட்டைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருப்பார். கோடு ஓரத்தைத் தொட்டதும் இன்டர்காமில் கூப்பிடுவார். "ஆச்சு. நீ ஆரம்பி." அவர் வாழ்க்கையில் உண்மையான ஆச்சு அது ஒன்றுதான். வேறு வேலை இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டு இருந்ததால் வந்த உண்மை.

அந்த உண்மைக்கும் ஆபத்து வந்தது. புது மேனேஜர் வந்தார்.

ஒரு மனிதர் உட்கார்ந்து கோட்டைப் பார்ப்பதற்குச் சம்பளமா என்று அவர் கேட்டார். கேட்டது நியாயம்தான். சர்வர் அறையை ஒரு வெளிக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று நிர்வாகக் குழுவிடம் பேச்சை ஆரம்பித்தார். குழு உடனே தலையாட்டிவிடவில்லை. நம் ஆளால் எல்லாவற்றையும் தானாக நடக்கும்படி செய்ய முடிகிறதா பார்ப்போம், ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் முன்னால் பேக்கப் எடுத்து, காலி மெஷின் ஒன்றில் அதை ஏற்றிக் காட்டட்டும் என்றது. காட்டிவிட்டால் அறை இங்கேயே இருக்கும். இல்லையென்றால் அறை கம்பெனிக்கு, இவர் வேறு ஊரில் இருக்கிற கிளைக்கு. அங்கே பணியாளர் பிரிவில் இடம் கிடையாது. அதாவது அவர் அங்கே, நான் இங்கே.

செய்தியைக் கேட்டதும் அந்த ஊருக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். அவரோ, "ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா போதும், நான் தட்டற கட்டளையெல்லாம் அதுவே வரிசையா தட்டிக்கும்" என்றார். இரண்டே நாளில், "ஸ்கிரிப்ட் ஆச்சு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த ஸ்கிரிப்ட் தானாக ஓடும், சர்வர் எழுதும் பேக்கப்பை அதே டிஸ்க்கில் தேதி போட்டு ஒரு பிரதி எடுத்து வைக்கும், எனக்கும் மேனேஜருக்கும் "முடிந்தது" என்று மெயில் அனுப்பும். ஏற்பாடு இதுதான். அவர் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இன்டர்காம் அடிப்பதற்குள் நான் டீ குடித்து, டம்ளரைக் கழுவி, பக்கத்து மேஜைக்காரியிடம் அவள் மாமியாரைப் பற்றி முழுசாகக் கேட்டு முடித்திருப்பேன். இப்போது டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் மெயில் வந்துவிட்டது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். மேனேஜருக்குத் தலை கால் புரியவில்லை. நிர்வாகக் குழுவிடம் போய், ஒரு நிமிஷ வேலை என்று பெருமையடித்துவிட்டு வந்தார்.

எனக்கு மட்டும் முதுகைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கேன்டீனில் அவரைப் பிடித்தேன்.

"ஏங்க, அவ்வளவு நேரம் எடுத்த வேலை எப்படி இவ்வளவு சீக்கிரம் முடியுது?"

"ஸ்கிரிப்ட்னா வேகம்தான்."

"சர்வர் அதே சர்வர்தானே?"

"அதேதான்."

"ஆளுங்க அதே ஆளுங்கதானே? குறையலையே?"

"கூடியிருக்காங்க."

"அப்ப ஸ்கிரிப்ட் சர்வர்கிட்ட என்ன சொல்லுது?"

"பேக்கப் எடுன்னு ஒரு கட்டளை குடுக்குது. சர்வர் சரின்னு பதில் சொல்லுது. உடனே பிரதி எடுத்து வெச்சிட்டு மெயில் அனுப்பிடுது."

"சரின்னு சொல்லுதா, எடுத்துட்டேன்னு சொல்லுதா?"

வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட் பாதி வழியில் நின்றது. அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. பிஸ்கட்டைத் தட்டிலேயே போட்டுவிட்டு அடித்தளத்துக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

நான் பயந்தது சரியாகத்தான் இருந்தது. அந்தக் கட்டளை வேலையை சர்வரிடம் ஒப்படைப்பதோடு சரி. சர்வர் "சரி" என்று வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சாவகாசமாக எடுக்க ஆரம்பிக்கிறது. இவருடைய ஸ்கிரிப்டோ "சரி" என்ற சொல் காதில் விழுந்ததுமே, பாதிகூட எழுதி முடிக்காத பேக்கப்பை அள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறது. அத்தனை வாரப் பிரதியும் அரைகுறை. அந்த அரைகுறையை நம்பி நான் வாராவாரம் ஆட்களை நீக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"பிளம்பருக்குப் போன் போட்டிருக்கீங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. ஸ்வெட்டரின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் பாவம் பார்க்க நேரமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைதான் குழுவின் முன்னால் காட்ட வேண்டிய நாள்.

மறுநாளே வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். கட்டளை கொடுத்த பிறகு ஸ்கிரிப்ட் அரை மணி நேரம் சும்மா தூங்கும். பிறகு பிரதி எடுக்கும்.

"அரை மணின்னு யார் சொன்னா?"

"சுமாரா அவ்வளவு ஆகும்."

"சர்வருக்கு வேற வேலை அதிகமா இருந்தா? அன்னைக்குன்னு புது நர்ஸுங்க நூறு பேர் சேர்ந்திருந்தா?"

"அப்ப முக்கால் மணி."

"நாளைக்கு ஒரு மணியா? தூங்கி எந்திரிச்சா வேலை முடிஞ்சிருக்கும்னு நம்பறது உங்க வழக்கம். அதை ஸ்கிரிப்டுக்கும் பழக்காதீங்க."

முறைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து இன்னொன்றோடு வந்தார். இந்த முறை பேக்கப் கோப்பின் அளவை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொண்டே இருக்குமாம். அளவு ஏறிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, ஏறாமல் நின்றால் முடிந்தது. எனக்கே இது நன்றாகத்தான் பட்டது. ஓட்டிப் பார்த்தோம். கோப்பு மளமளவென்று வளர்ந்தது, வழியில் எதையோ யோசிப்பதுபோல் ஒரு நிமிஷம் நின்றது. ஸ்கிரிப்ட் உடனே "முடிந்தது" என்றது. அது சொல்லி வாய் மூடவில்லை, கோப்பு மறுபடியும் வளர ஆரம்பித்தது.

"மூச்சு வாங்க நின்னவனைப் போய்ச் சேர்ந்துட்டான்னு சொல்லுதே உங்க ஸ்கிரிப்ட்" என்றேன்.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடித்தளத்தின் குளிரில் இரண்டு பேரும் பைத்தியக்காரர்களைப்போல் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவர் வளர்கிற கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் யார் யாரையோ கேட்டுட்டு இருக்கேன்" என்றார். "கடிகாரத்தைக் கேட்டேன், கோப்பைக் கேட்டேன். வேலை செய்யற ஆளைக் கேட்கவே இல்ல."

நான் பத்து வருஷமாகக் குழாயைக் கேட்டு வந்தவள். இது எனக்கே தோன்றவில்லை.

விஷயம் இதுதான். சர்வர் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டதும், அந்த வேலைக்கென்று டைரக்டரிக்குள்ளேயே ஒரு பதிவு போட்டுக்கொள்கிறது. எந்த நிலையில் இருக்கிறேன் என்று அதில் அவ்வப்போது எழுதுகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான், கடைசியில், ஒரு எண்ணை எழுதுகிறது. பூஜ்யம் என்றால் நல்லபடியாக முடிந்தது. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் கெட்டுப்போனது. எண்ணே இல்லை என்றால் இன்னும் ஆகவில்லை. ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியதெல்லாம் கொஞ்சத்துக்குக் கொஞ்சம் போய் அந்தப் பதிவைப் பார்த்து, எண் வந்துவிட்டதா என்று கேட்பதுதான். எண் வருகிறவரை பிரதி எடுக்கக் கூடாது.

"எண் வரவே இல்லைன்னா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நேரம் பார்த்துட்டு விட்டுடும்."

"விட்டுட்டு என்னன்னு மெயில் அனுப்பும்?"

அவர் விசைப்பலகையில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். கடைசியில் பல்லைப் பிடுங்குகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "தெரியவில்லை" என்று அடித்தார். அந்தச் சொல்லை அவர் எழுதி அன்றுதான் பார்த்தேன். நடக்கிறது, முடிந்தது, தோல்வி, தெரியவில்லை. இந்த நான்கில் ஒன்றை உண்மையாகச் சொல்கிற ஸ்கிரிப்ட் வியாழக்கிழமை சாயங்காலம் தயாரானது. சின்ன மெஷின் ஒன்றில் ஓட்டிப் பார்த்தோம். சரியாக இருந்தது. பெரிய சர்வரில் ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மேல்மாடிக் கூட்ட அறை. நிர்வாகக் குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர், நாங்கள் பெரிய டாக்டர் என்று கூப்பிடும் அம்மா. கத்தி பிடித்தே தலை நரைத்தவர், இப்போது நிர்வாகம் மட்டும். ஓரமாக மேனேஜர். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காலி மெஷினில் ஏற்றிய பிறகு, ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணிச் சொல்ல வேண்டியது பணியாளர் பிரிவின் பொறுப்பு.

அவர் ஸ்கிரிப்டை ஓடவிட்டார். சுவரில் பெரிய எழுத்தில் வந்தது: நடக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து: நடக்கிறது.

மேனேஜர் நாற்காலியில் நெளிந்தார். ஒரு நிமிஷ வேலை என்று சொல்லிவைத்தவர் அவர். "மெஷின் கொஞ்சம் மெதுவா இருக்குபோல" என்று குழுவைப் பார்த்துச் சிரித்தார். என் கணவர், "இல்ல சார், இவ்வளவு நேரம் ஆகும்" என்றார். மேனேஜரின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

நடக்கிறது. நடக்கிறது. குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் கொட்டாவியை மறைத்தார். நான் சுவரையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தேன். கடைசியில் எழுத்து மாறியது.

தோல்வி.

அவர் குனிந்து எதையோ தட்டிப் பார்த்தார். மேனேஜர் எழுந்து வந்து அவர் காதருகில் குனிந்தார். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"போன வாரம் எடுத்ததை ஏத்திக் காட்டிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

போன வாரம் எடுத்தது அரைகுறை என்று மேனேஜருக்குத் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். ஏற்றினால் ஏறும். பெயர்கள் வரிசையாக ஓடும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். பாதிப் பேர் இல்லை என்பது எண்ணினால்தான் தெரியும். எண்ண வேண்டியவள் நான். நான் சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை.

அவர் என்னைப் பார்த்தார். பத்து வருஷமாக அந்த மனிதரை ஒரு ஆச்சுக்காகப் படாத பாடு படுத்தியவள் நான். அந்த நிமிஷத்தில் அவர் "ஆச்சு" என்று சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். சொன்னால் நானும் கூடவே ஆச்சு என்றிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் எழுந்து நின்றார்.

"ஆகல" என்றார். "டிஸ்க்கில் இடம் பத்தல. ஏற்கெனவே நான் எடுத்து வெச்ச பேக்கப் எல்லாம் அதுலதான் கிடக்கு. அதெல்லாம் அரைகுறை, எதுக்கும் உதவாது. முடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சதா நெனச்சு எடுத்தது. முந்தி அனுப்பின மெயில் எல்லாம் தப்பு. அதையெல்லாம் அழிச்சிட்டு மறுபடி முதல்லேருந்து எடுக்கணும்."

மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப தோல்வின்னு சொன்னது யாரு? நீங்களா, ஸ்கிரிப்டா?"

"ஸ்கிரிப்டும்மா. சர்வர் சொன்னதை அது அப்படியே சொல்லுது."

"முந்தி சொல்லலையா?"

"முந்தி நான் அதை எதையுமே கேட்க விடல."

அந்த அம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "மறுபடி எடுங்க. நான் இருக்கேன்" என்றார். கடிகாரம் பார்த்தவரும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

அழித்தார். மறுபடி ஓடவிட்டார். நடக்கிறது, நடக்கிறது என்று சுவர் சொல்லிக்கொண்டே இருந்தது. யாரோ டீ வரவழைத்தார்கள். டீ ஆறியது. நடுவில் மேனேஜர், "இது முடிஞ்ச மாதிரிதானே?" என்று கேட்டார். என் கணவர், "இன்னும் எண் வரல சார்" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் பயமும் இருந்தது, பிடிவாதமும் இருந்தது. இப்படி ஒரு ஆள் என் வீட்டில் இருந்தது எனக்கே தெரியாது.

எண் வந்தது. பூஜ்யம். சுவரில் "முடிந்தது" என்று வந்தபோதுகூட அவர் ஆச்சு என்று சொல்லவில்லை. காலி மெஷினில் ஏற்றினார். ஏறியது. என்னைப் பார்த்தார்கள். பழையதிலும் எண்ணினேன், புதியதிலும் எண்ணினேன். ஒன்றுபோல் வந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை எண்ணிவிட்டு, "எல்லாரும் இருக்காங்க" என்றேன்.

பெரிய டாக்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வயித்தைத் தைக்கறதுக்கு முன்னாடி உள்ளே வெச்ச பஞ்சை எண்ணுவோம்" என்றார் மேனேஜரிடம். "எண்ணிக்கை இடிச்சா தைக்க மாட்டோம். வெளியில சொந்தக்காரங்க எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி. அந்த ரூம் இவர்கிட்டயே இருக்கட்டும்." போகிறபோது என் கணவரைத் திரும்பிப் பார்த்து, "டிஸ்க் ஒண்ணு பெருசா வாங்கிக்குங்க" என்றார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவர் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் சுற்றி வைத்திருந்தார்.

"ரெண்டு வாரமா நான் சரியாத் தூங்கல" என்றார்.

"என்ன கதை விடறீங்க? வீடே அதிர்ற மாதிரி குறட்டை விட்டீங்க."

"அது சும்மா விட்டது. நான் முழிச்சிட்டு இருக்கேன்னு தெரிஞ்சா நீ பயப்படுவேன்னு."

அத்தனை ராத்திரியும் அந்தக் குறட்டையைக் கேட்டபடி, இந்த மனிதருக்குக் கவலை என்பதே கிடையாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவள் நான்.

"நானும் தூங்கலைங்க" என்றேன்.

"நீ அசையாம படுத்திருந்தியே?"

"உங்க தூக்கம் கெடக் கூடாதேன்னு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, பஸ் வருகிற பக்கமே பார்த்தபடி, "அந்த ஊருக்குப் போயிருந்தா யாருக்காகக் குறட்டை விட்டிருப்பேன்னு தெரியல" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது, இரண்டு பேரும் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.